ஈயம் படிந்த உணரி

கனடாவில் வசிக்கும் பள்ளித் தோழர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் பேசியபோது ஒரு சந்தேகம் கேட்டார். மட்டக்களப்பில் அவருடைய தம்பியார் பழைய யப்பானிய கார் ஒன்றை வைத்திருக்கிறார். சில மாதங்களாக எஞ்சின் விளக்கு எரிகிறது. பெற்றோல் அளவுக்கு மிஞ்சிச் செலவாகிறது. ‘ஒட்சிசன் சென்சர் போய்விட்டது, மாற்ற வேண்டும்’ என்று கராஜில் சொல்கிறார்களாம். அது உண்மைதானா என்று எப்படி உறுதிப்படுத்துவது என்பது கேள்வி. “இங்கே என்றால் கைத்தொலைபேசியோடு இணைகிற ஒரு சின்னக் கருவியைச் செருகினால் போதும், எல்லாவற்றையும் சொல்லிவிடும். அந்தக் காரில் அதைச் செருகுவதற்கே இடமில்லையாம்” என்றார்.

நான் மெக்கானிக் அல்லன். கலைப்பட்டம் பெற்றுப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன். ஆனால் இந்த ஒரு பழுதைப் பற்றி மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்த அறிவுக்கு நான் கொடுத்த விலை அதிகம். அவருக்குப் பதில் சொல்லத் தொடங்கியபோதுதான், மட்டக்களப்பில் ஓடும் ஒரு பழைய காரின் ஒட்சிசன் உணரியைப் பற்றிப் பேசுவதென்றால் 2002ஆம் ஆண்டில் இருந்து பேச வேண்டும் என்பது புரிந்தது. அந்த ஆண்டு இந்த நாட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. அதே ஆண்டில் பெற்றோலில் ஈயம் கலப்பது நிறுத்தப்பட்டது. முதலாவது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இரண்டாவதை நினைவில் வைத்திருப்பவர்கள் மிகச் சிலர்.

முதலில் உணரி என்பது என்னவென்று பார்த்துவிடுவோம். ஒரு பங்கு பெற்றோல் முழுமையாக எரிவதற்கு எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிய ஏறக்குறைய 9,000 லீற்றர் காற்றுத் தேவை என்று சொன்னால் அதன் அளவு விளங்கும். காற்றுக் குறைந்தால் பெற்றோல் எரியாமல் புகையாகப் போகும். காற்றுக் கூடினால் எஞ்சின் இழுக்காது. இந்த விகிதம் சரியாக இருக்கிறதா என்பதை எரிந்து வெளியேறும் புகையில் எஞ்சியிருக்கும் ஒட்சிசனை வைத்து அறியலாம். அதற்காகப் புகைக்குழாயில் திருகப்பட்டிருக்கும் ஒரு சிறு பொருளே ஒட்சிசன் உணரி. தோற்றத்தில் ஸ்பார்க் பிளக் போலவே இருக்கும். உள்ளே சிர்க்கோனியம் ஒட்சைட்டினால் ஆன பீங்கான் விரல் ஒன்று; அதன் இரு பக்கமும் மெல்லிய பிளாட்டினப் பூச்சு. வெளிப்பக்கம் புகையைத் தொடும். உட்பக்கம் வெளிக்காற்றைத் தொடும். சுமார் 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடானதும், இரு பக்கத்து ஒட்சிசன் அளவுகளுக்கும் இடையிலான வேறுபாட்டுக்கு ஏற்ப அது ஒரு சிறு மின்னழுத்தத்தைப் பிறப்பிக்கும். புகையில் ஒட்சிசன் இல்லாவிட்டால், அதாவது பெற்றோல் கூடிவிட்டால், 0.9 வோல்ற் அளவில் காட்டும். ஒட்சிசன் மிஞ்சியிருந்தால் 0.1 வோல்ற். சரியான விகிதம் 0.45 வோல்ற்றில் இருக்கிறது. இதைக் கேட்டுக் கேட்டே எஞ்சினை ஆளும் கணினி பெற்றோலைக் கூட்டியும் குறைத்தும் தருகிறது. நலமாக இருக்கும் காரில் இந்த மின்னழுத்தம் ஓரிடத்தில் நிற்காது. தராசு முள்ளைப் போல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

இதன் அடிப்படை விதியை வகுத்தவர் யேர்மனிய இரசாயனவியலாளர் வால்தர் நேர்ன்ஸ்ற். 1920ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றவர். காரில் இதைப் பொருத்தியது யேர்மனியின் பொஷ் நிறுவனம். 1976இல் கலிபோர்னியாவில் விற்கப்பட்ட வொல்வோ கார்களில் இது முதன்முதலாக வந்தது. கலிபோர்னியாவின் புகைக் கட்டுப்பாடு அவ்வளவு கடுமையாக இருந்தது. யப்பானும் 1978இல் தன் கார்களுக்கு மிகக் கடுமையான புகை வரம்பை விதித்தது. அதன் பின்னர் யப்பானிய வீதிகளில் ஓடிய பெற்றோல் கார்களில் ஒட்சிசன் உணரியும் அதற்குத் துணையான வினையூக்கிப் பெட்டியும் பரவலாக இடம்பிடித்தன.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. இந்த இரண்டும் பிளாட்டினம் போன்ற உலோகங்களின் மேற்பரப்பில் நடக்கும் வேதிவினையை நம்பியிருப்பவை. அந்த மேற்பரப்பில் ஈயம் படிந்தால் இரண்டும் செத்துவிடும். பெற்றோலில் ஈயச் சேர்மம் கலந்தால் எஞ்சின் இடியோசை இல்லாமல் ஓடும் என்று 1921இல் அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி கண்டறிந்தார். 1923இல் அது விற்பனைக்கு வந்தது. அரை நூற்றாண்டுக் காலம் உலகமே அதைத்தான் எரித்தது. ஆகவே உணரியும் வினையூக்கியும் உள்ள காரை வீதியில் விடும் நாடு முதலில் பெற்றோலில் இருந்து ஈயத்தை அகற்ற வேண்டும். யப்பான் 1970களின் நடுப்பகுதியிலேயே சாதாரண பெற்றோலில் ஈயத்தை நிறுத்தியது. காரும் அதற்கேற்ற பெற்றோலும் அங்கே ஒன்றாக வந்தன.

நமக்குக் கார் முதலில் வந்தது. பெற்றோல் பிறகுதான் வந்தது.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை இலங்கையில் கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடுகள் இருந்தன. மட்டக்களப்பு வீதிகளில் எங்கள் சிறுபிராயத்தில் ஓடியவை பெரும்பாலும் ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும்தாம். அவற்றில் காபரேற்றர் இருந்தது; கணினியும் இல்லை, உணரியும் இல்லை. காதால் கேட்டும், பிளக்கின் நிறத்தைப் பார்த்தும் மெக்கானிக் காற்றுத் திருகைத் திருகுவார். 1977க்குப் பிறகு யப்பானில் சில ஆண்டுகள் ஓடிய கார்கள் ‘றீகண்டிசன்’ என்ற பெயரில் கொழும்புத் துறைமுகத்தில் வந்து இறங்கத் தொடங்கின. 1990களில் வந்தவற்றில் பல, கணினியும் உணரியும் கொண்டவை. ஆனால் நமது சாதாரண பெற்றோலில் அப்போது ஈயம் இருந்தது. ஈயமில்லாத பெற்றோலுக்காக உருவாக்கப்பட்ட காரில் ஈயம் கலந்ததை ஊற்றினோம். சில ஆயிரம் கிலோமீற்றர்களில் உணரி மந்தமாகி, பிறகு பேசாமலே போய்விடும். உணரி பேசாவிட்டால் கணினி கண்ணை மூடிக்கொண்டு, எஞ்சின் நின்றுவிடாதபடி பெற்றோலைக் கொஞ்சம் அதிகமாகவே தரும். கார் ஓடும், நின்றுவிடாது. அதனால்தான் பலருக்கு அது தெரியவே இல்லை. எரியும் விளக்கின் மீது கறுப்பு நாடாவை ஒட்டி மறைத்த கார்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

மட்டக்களப்பில் இந்தக் கதை இன்னும் வேறுவிதமாக நடந்தது. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் வெடித்தபின், வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் நகரம் இராணுவக் கட்டுப்பாட்டிலும், மேற்கே படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டிலுமாகப் பிரிந்தன. 2007 வரை அந்நிலை நீடித்தது. புதிய கார் வாங்கும் மனநிலையில் யாரும் இருக்கவில்லை. ஓடியவை டீசல் வான்கள், லொறிகள், உழவு இயந்திரங்கள், மோட்டார் சைக்கிள்கள். அக்காலத்து டீசல் வண்டிகளில் இந்த உணரி கிடையாது. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை காரணமாகப் பெற்றோல் கிடைக்காமல், பழைய ஒஸ்ரின்களையும் மொறிஸ்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டிய கதையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். குறைந்த அழுத்தத்தில் இயங்கும் காபரேற்றர் எஞ்சின் அதைப் பொறுத்துக்கொள்ளும். உணரியும் கணினியும் உள்ள கார் பொறுக்காது. அந்தக் காலத்தில் பழைய கார்தான் பயனுள்ள கார்.

ஆக, 2002இல் பாதைகள் திறந்தபோது, எழுவான்கரையில் இருந்த மெக்கானிக்குகள் பலருக்குப் பெற்றோல் உட்செலுத்தும் கார் என்பது புதிய விருந்தாளி. போர்நிறுத்தத்தை நம்பிக் கொழும்பில் இருந்து கார்கள் வந்தன. வந்தவற்றில் பல அங்கே ஆண்டுக்கணக்கில் ஈயப் பெற்றோல் குடித்தவை. நான் வாங்கியதும் அப்படி ஒன்றுதான்.

2003இல் வாங்கினேன். 1993இல் யப்பானில் உருவாகி, 1997இல் கொழும்புக்கு வந்த கார். விற்றவர் பொய் எதுவும் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருக்காது. ஒரு லீற்றரில் 11 கிலோமீற்றராவது ஓட வேண்டிய கார் 7 கிலோமீற்றர்தான் ஓடியது. கல்முனைக்குப் போய்த் திரும்புவதற்குள் எரிபொருள் முள் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். செய்தி சேகரிக்க வாரத்தில் நான்கு நாட்கள் வெளியே போகும் எனக்கு அது சம்பளத்தில் விழுந்த ஓட்டை. முதலாவது கராஜில் பிளக்குகளை மாற்றினார்கள்; ஒரு மாதத்தில் அவையும் கரி பிடித்தன. இரண்டாவது கராஜில் பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கழுவினார்கள். மூன்றாமவர், இந்தக் கணினியே வேண்டாம், எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் காபரேற்றர் போட்டுத் தருகிறேன் என்றார். பலர் அப்படிச் செய்தும் இருந்தார்கள். நானும் ஏறக்குறையச் சம்மதித்துவிட்டேன்.

அப்போதுதான் நண்பர் ஒருவர் கல்லடிப் பக்கத்தில் இருந்த ஒரு வயதான மெக்கானிக்கிடம் அழைத்துப் போனார். 1924இல் கட்டப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தில் வண்டிகள் ஒரு பக்கமாகக் காத்து நின்று கடந்த காலம் அது. பாஸ் என்றுதான் எல்லோரும் அவரை அழைப்பார்கள். பல வருடங்கள் மத்திய கிழக்கில் வேலை செய்துவிட்டு வந்தவர். அவர் காரின் மூடியைத் திறப்பதற்கு முன்பு என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்.

“தம்பி, இந்தக் கார் இதுக்கு முதல் எங்க ஓடினது?”

கொழும்பில், 1997இல் இருந்து என்றேன். அவர் சிரித்தார். “அப்ப ஐஞ்சு வருசம் ஈயம் குடிச்சிருக்கு. மறுகா அது எப்பிடிப் பேசும்?”

ஆனால் அவர் அதோடு தீர்ப்பு எழுதிவிடவில்லை. எனக்கு அவர் மீது மதிப்பு வந்தது அங்கேதான். ஊகம் வேறு, சோதனை வேறு என்பது அவர் கொள்கை. அக்காலத்துக் கார்களில், கனடாத் தோழர் சொன்னதுபோல் கருவியைச் செருக இடமில்லை. அதற்குப் பதிலாக எஞ்சின் பக்கத்தில் ஒரு சிறு பெட்டி இருக்கும். அதில் குறிப்பிட்ட இரண்டு முனைகளைக் கம்பித் துண்டால் இணைத்தால், எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னிப் பழுதின் எண்ணைச் சொல்லும். அக்கால ரொயோட்டாக்களில் 21 என்றால் உணரியின் சமிக்ஞை வரவில்லை என்று பொருள். 25 என்றால் காற்றுக் கூடிவிட்டது. 26 என்றால் பெற்றோல் கூடிவிட்டது. நிசான்களில் உணரிக்கான எண் 33. என் காரும் தன் உணரிக்குரிய எண்ணையே மின்னியது. பாஸ் சொன்னார்: “இந்த எண் உணரி செத்துட்டு எண்டு சொல்லல்ல. உணரியிட்ட இருந்து சரியான பேச்சு வரல்ல எண்டு மட்டும்தான் சொல்லுது. அது ரெண்டும் வேற வேற.”

பிறகு அவர் செய்த சோதனையைத்தான் தோழருக்கும் சொன்னேன். இன்றைக்கும் பழைய காருக்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, நிமிடத்துக்கு 2,500 சுற்றில் இரண்டு நிமிடம் ஓடவிட வேண்டும். பழைய உணரிகள் பலவற்றில் தன்னைச் சூடாக்கும் கம்பி கிடையாது. புகையின் சூட்டிலேயே அவை உயிர்பெற வேண்டும். எஞ்சினை நெடுநேரம் ஓய்வோட்டத்தில் விட்டால் குளிர்ந்து மௌனமாகிவிடும். சோதனைச் சாவடிகளில் வரிசையில் ஊர்ந்து ஊர்ந்து ஓடிய எங்கள் கார்களில் உணரி பாதி நேரம் உறக்கத்தில்தான் இருந்திருக்கும். சூடான பின், உணரியின் சமிக்ஞைக் கம்பியில் இலக்கமுறை மின்மானியை வைத்துப் பார்க்க வேண்டும். வானொலி திருத்துபவர்களின் பழைய முள் மீற்றர் உதவாது. அது உணரியின் சிறு மின்சாரத்தைத் தானே உறிஞ்சிப் பொய்க்கணக்குக் காட்டும். நல்ல உணரி என்றால் அந்த வேகத்தில் 10 செக்கனுக்குள் 8 தடவையாவது 0.45 வோல்ற்றைக் கடந்து ஏறி இறங்க வேண்டும்.

ஏறி இறங்கவில்லை என்றால்? அப்போதும் மாற்றிவிடக் கூடாது. உணரியிடம் விடை தெரிந்த கேள்விகள் இரண்டு கேட்க வேண்டும். எஞ்சின் காற்றிழுக்கும் ஒரு சிறு குழாயைக் கழற்றிவிட்டால் காற்றுக் கூடும், மின்மானி 0.2 வோல்ற்றுக்குக் கீழே விழ வேண்டும். காற்று வடிகட்டி வாயில் கொஞ்சம் சமையல் வாயுவைக் காட்டினால் எரிபொருள் கூடும், 0.8 வோல்ற்றுக்கு மேலே ஏற வேண்டும். (வாயு விடயத்தில் எச்சரிக்கை வேண்டும், பழக்கமுள்ள மெக்கானிக் செய்வதே நல்லது.) இரண்டு கேள்விக்கும் உடனே சரியான விடை தந்தால் உணரி உயிரோடு இருக்கிறது, பழுது வேறிடத்தில். காற்றுக் குழாயில் வெடிப்பு, புகைக்குழாயில் ஓட்டை, பழுதான இன்ஜெக்டர், எதுவாகவும் இருக்கலாம். உணரி உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது; நாம்தான் அதைக் குற்றவாளியாக்குகிறோம். புதிய செய்தியாளருக்கு என் முதல் ஆசிரியர் சொல்லித்தந்த பாடமும் இதுவே: ஒருவரை நம்பலாமா என்று அறிய, உனக்கு விடை தெரிந்த ஒன்றை அவரிடம் கேள்.

என் காரின் உணரி இரண்டு கேள்விக்கும் 0.3 வோல்ற்றிலேயே நின்றது. கழற்றினார். துளைகளுள்ள அதன் மூக்குக் கவசம் முழுவதும் மங்கிய சாம்பல் நிறம். இடையிடையே ஒரு மினுக்கம். அதுதான் ஈயம் என்றார். நல்ல உணரியின் மூக்கு இளம் பழுப்பாக இருக்கும். கரி படிந்தால் கறுப்பு; பெற்றோல் மிகுதியாலோ மண்ணெண்ணெய்க் கலப்பாலோ வருவது; நெடுந்தூரம் வேகமாக ஓடினால் சில வேளைகளில் தானே எரிந்து போகும். வெண்பொடி படிந்திருந்தால், எஞ்சின் பொருத்துக்களில் தாராளமாகப் பூசும் சிலிக்கோன் பசையின் வேலை. எண்ணெய் எரியும் எஞ்சினில் கரும்பழுப்பு. ஈயமும் சிலிக்கோனும் படிந்த உணரிக்கு மருந்தில்லை. பழைய உதிரிப்பாகங்களுக்குப் பெயர்போன கொழும்பு பஞ்சிகாவத்தையில், யப்பானில் கழித்த காரில் இருந்து கழற்றிய உணரி ஒன்று வாங்கிவந்தேன். அதைப் பொருத்திய அடுத்த வாரமே லீற்றருக்கு 11 கிலோமீற்றர் ஓடியது. அந்தப் பழைய உணரியை வீசாமல் எடுத்துவைத்தேன்.

கதை அதோடு முடியவில்லை. 2011 ஜனவரியில் மட்டக்களப்பைப் பெருவெள்ளம் மூழ்கடித்தது. முற்றத்தில் நின்ற காரின் கதவளவுக்குத் தண்ணீர். வடிந்த சில வாரங்களில் மீண்டும் அதே விளக்கு, அதே எண். இம்முறை உணரி போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். பாஸிடம் போனது மாற்றுவதற்காகத்தான். அவர் வழக்கம்போல மின்மானியை எடுத்தார். உணரியின் வாயிலில் அளந்தார். அழகாக ஏறி இறங்கியது. கணினிப் பெட்டியின் வாயிலில் அளந்தார், ஒன்றுமில்லை. இடையில் இருந்த கம்பிப் பொருத்தைக் கழற்றிக் காட்டினார். உள்ளே செம்பில் பச்சைக் களிம்பு. வாவி நீர் உவர் நீர், காற்றிலும் உப்பு, மண்முனைப் படகுத்துறையில் எத்தனையோ தடவை இந்தக் கார் தண்ணீரில் சக்கரம் நனைந்து ஏறியிருக்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை படுவான்கரைக்குக் காரோடு போக அந்தப் பாதைதான் எனக்கு. வெள்ளம் அந்த உப்பின் வேலையை முடித்து வைத்திருக்கிறது. கம்பித் துண்டை மாற்றியதும் விளக்கு அணைந்தது. செலவு ஒரு தேநீர்க் காசு.

அன்று அவர் இன்னொன்றும் சொன்னார். உப்புக்குப் பயந்து எல்லாப் பொருத்துக்களிலும் கிறீஸ் அடைக்கும் பழக்கம் கடலோர மெக்கானிக்குகளுக்கு உண்டு. உணரியின் பொருத்தில் மட்டும் அதைச் செய்யக் கூடாதாம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான வெளிக்காற்றைப் பல உணரிகள் அந்தக் கம்பிவழியாகவே இழுக்கின்றன. அதை அடைத்துவிட்டால், காப்பாற்ற நினைத்ததே மூச்சுத் திணறலாகிவிடும். அதேபோல், தண்ணீரில் இறக்கும்போது உணரி கொதிநிலையில் இருந்தால் அதன் பீங்கான் வெடித்துவிடவும் கூடும்.

இரண்டு பழுதுக்கும் விளக்கு ஒன்று, எண் ஒன்று. முதலாவதைச் செய்தது ஈயம். இரண்டாவதைச் செய்தது உப்பு. முதலாவதற்குப் புதிய உணரி வேண்டியிருந்தது. இரண்டாவதற்கு ஒரு முழம் கம்பி. காரின் வரலாற்றைக் கேட்காமலும் சோதிக்காமலும் மாற்றியிருந்தால் இரண்டாம் தடவை வீணாகப் பணம் இழந்திருப்பேன்.

2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனை படிப்படியாக மற்ற மாகாணங்களுக்கும் வந்தது. வருடாந்த அனுமதிப்பத்திரம் பெற அந்தச் சான்றிதழ் வேண்டும் என்றானபோதுதான், கழற்றி எறிந்த உணரிகளைப் பலர் தேடத் தொடங்கினார்கள். பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் இருக்கிற கார்களைத்தான் திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டியிருந்தது. இடையில் 2022இல் எரிபொருள் நெருக்கடி. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஒரு லீற்றர் பெற்றோல் 450 ரூபாவாக இருந்தபோது மண்ணெண்ணெய் 87 ரூபா. அந்த மாதம் 22ஆம் திகதிதான் அது 340 ரூபாவாக உயர்ந்தது. வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய மீன்பிடிப் படகுகளுக்கு மண்ணெண்ணெயே உயிர் என்பதால், கரையோரக் கிராமங்களுக்கு அது புதிய பொருள் அல்ல. இரண்டு விலைகளுக்கும் இடையில் அவ்வளவு தூரம் இருந்தால் இரண்டும் ஒரே தாங்கிக்குள் சந்திப்பதை யாராலும் தடுக்க முடியாது. அந்தக் காலத்து உணரிகளின் மூக்கில் கரி இருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

எடுத்துவைத்த பழைய உணரி இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் காரைப் பற்றிய எண்ணம் வருவதில்லை. அந்தச் சாம்பல் படிவம் புகைக்குழாயின் நடுவழியில் தங்கிவிட்ட ஒரு சிறு பகுதி மட்டுமே. மீதி முழுவதும் குழாய் வழியே வெளியேறி, கொழும்பின் காலி வீதியிலும் பேருந்துத் தரிப்பிடங்களிலும் பாடசாலை வாசல்களிலும் நின்றவர்களின் சுவாசப் பைகளுக்குள் போயிருக்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. இவ்வளவுவரை பாதுகாப்பானது என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்கு அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இந்தியா 2000இல் ஈயப் பெற்றோலை நிறுத்தியது, நாம் 2002இல், உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல். மட்டக்களப்பில் யுத்த காலத்தில் வாகனங்கள் குறைவாக இருந்ததால் எங்கள் பிள்ளைகள் அந்த ஈயத்தைக் குறைவாகச் சுவாசித்திருப்பார்கள். அதற்காக யாருக்கும் நன்றி சொல்ல முடியாது. அவர்கள் சுவாசித்த வேறு புகைகள் இருந்தன.

காரில் ஈயம் படிந்தபோது ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. பிள்ளைகளுக்கு அப்படி விளக்கு எதுவும் இல்லை. 1990களில் நாங்கள் பத்திரிகைகளில் எத்தனையோ எழுதினோம். சாதாரண பெற்றோலில் ஈயம் இருக்கிறது என்று நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பது உண்மை; தெரிந்துகொள்ள முயலவில்லை என்பதும் உண்மை.

கடந்த வாரம் கனடாத் தோழர் மறுபடி அழைத்தார். தம்பியார் நான் சொன்னபடி கராஜில் நின்று சோதிக்கச் சொன்னாராம். உணரி இரண்டு கேள்விக்கும் சரியாகவே பதில் சொல்லியிருக்கிறது. தேடிப் பார்த்தபோது காற்றிழுக்கும் ரப்பர் குழாய் ஒன்றின் அடிப்பக்கத்தில் நகக்கீறல் அளவில் ஒரு வெடிப்பு. குழாயை மாற்றியதும் விளக்கு அணைந்துவிட்டது. புதிய உணரி வாங்க ஒதுக்கிய பணத்தில் நான்கு சக்கரத்துக்கும் பிறேக் பார்த்திருக்கிறார்கள்.